செருப்புத் தேய நடந்த தெய்வம்

அழகுக்காக யாரும் கட்டிய ஊரல்ல பெர்ம். 1723இல் காமா ஆற்றோடு கலக்கும் ஒரு சிற்றாற்றின் கரையில் செம்பு உருக்கும் ஆலை ஒன்றைப் போட்டார்கள். ஆலையைச் சுற்றிக் குடியிருப்பு வந்தது, குடியிருப்பு நகரமானது. பிறகு பீரங்கி, அதற்கும் பிறகு விமான எஞ்சின், ராக்கெட் எஞ்சின். மொத்தோவிலிகா ஆலையின் அருங்காட்சியகத்தில் 1868இல் வார்த்த 20 அங்குலப் பீரங்கி ஒன்று இன்றும் நிற்கிறது. 1940 முதல் 1957 வரை ஊருக்கு ஸ்டாலினின் அமைச்சர் மொலோத்தோவின் பெயர். 1980களின் கடைசி வரை வெளிநாட்டவர் உள்ளே கால் வைக்க முடியாது. இப்போது பத்து லட்சம் பேர் வாழ்கிறார்கள். மாஸ்கோவிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர், ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள்.

ஒரு மாஸ்கோ தம்பதி இரண்டு நாள் பயணமாக இங்கே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பொறியாளர், கோயில் பக்கம் போகாதவர். மனைவி ஈஸ்டருக்கும் பாட்டியின் நினைவு நாளுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர். அதற்கு மேல் பக்தி என்று சொல்ல முடியாது. ரஷ்யாவில் இந்த மாதிரி ஜோடி அபூர்வமே இல்லை.

பெர்மில் சுற்றிப் பார்க்க வழிகாட்டி தேவையில்லை. நடைபாதையிலேயே பச்சைக் கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய ஊர் முழுவதும் வந்துவிடும். காதல் கதைகள் நடந்த இடங்களுக்கென்று தனியாக ஒரு சிவப்புக் கோடும் உண்டு. தம்பதிகள் பெரும்பாலும் சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடிக்கிறார்கள். போகிற வழியில் வெண்கலக் கரடி ஒன்று. அதன் மூக்கைத் தேய்த்தால் நல்லது நடக்கும் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டதால் உடம்பெல்லாம் கறுத்துக் கிடக்க, மூக்கு மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது. கோயிலுக்குப் போகாத கணவரும் தேய்த்துவிட்டுத்தான் நகர்கிறார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

ஆற்றங்கரையில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன: மகிழ்ச்சி மலைகளுக்கு அப்பால் இல்லை, பக்கத்தில்தான் இருக்கிறது. பொரீஸ் மத்ரோசவ் என்ற கலைஞர் 2009இல் செய்து வைத்தது. ‘பூகோள ஆசிரியர் தன் உலக உருண்டையைக் குடித்துத் தீர்த்தார்’ என்ற 2013ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வந்த பிறகு நாடெங்கும் பிரபலமாகிவிட்டது. 2018 நவம்பரில் ஓர் இரவு யாரோ ‘மகிழ்ச்சி’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘மரணம்’ என்று வைத்துவிட்டார்கள். நகரம் கொதித்தது, வழக்கு வந்தது, எழுத்துகள் பழையபடி மாற்றப்பட்டன. மாற்றி வைத்த வாக்கியத்திலும் பொய் ஒன்றும் இல்லையே என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் அதன் முன்னால் நின்று யாரும் கல்யாணப் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கரடியும் எழுத்துகளும் இன்னும் எத்தனையோ ஊர்களில் கிடைக்கும். பெர்முக்கே உரியது வேறொன்று: மரத்தில் செதுக்கிய தெய்வங்கள். பெர்ம் ஓவியக் காட்சிக்கூடத்தில் சுமார் நானூறு சுரூபங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை காமா, கோஸ்வா, சுசோவயா ஆறுகளின் ஓரக் கிராமங்களிலும் உப்பு, இரும்புத் தொழில் ஊர்களிலும் இருந்த கோயில்களுக்காகச் செய்யப்பட்டவை. கிறிஸ்து, மாதா, புனித நிக்கலாய், வெள்ளிக்கிழமைப் புனிதை பரஸ்கேவா, தலையில் முக்கோண ஒளிவட்டம் கொண்ட பிதா.

இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கத்தோலிக்கக் கோயில்களில் சுரூபங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்கலாம். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மரபில் இது பெரிய விஷயம். அங்கே வழிபாட்டுக்கு உரியது ஐகான், பலகையில் தீட்டிய ஓவியம். சுற்றிவந்து பார்க்கக்கூடிய சிலை என்றாலே விக்கிரக ஆராதனையின் வாடை அடிக்கிறது என்ற சந்தேகம் அவர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. 1722இல் திருச்சபையின் ஆளும் மன்றம் ஓர் உத்தரவு போட்டது: செதுக்கிய, குடைந்த, வார்த்த சுரூபங்கள் கோயிலில் கூடாது, திறமையாகச் செதுக்கிய சிலுவைக்கு மட்டும் விலக்கு. ரோமாபுரிக்காரர்களிடமிருந்து தொற்றிய பழக்கம் என்பது காரணம். அதற்கு அடுத்த ஆண்டு பெர்மின் செம்பு ஆலை எழுந்தது. தலைநகரிலிருந்து வந்த இரண்டு கட்டளைகளில் ஆலைக் கட்டளை ஒழுங்காக நிறைவேறியது. சுரூபக் கட்டளையைக் காடு விழுங்கிவிட்டது. மேலதிகாரி வரும்போது சுரூபத்தைக் களஞ்சியத்துக்குள்ளோ பரணிலோ ஏற்றுவது, அவர் தலை மறைந்ததும் இறக்குவது என்று இருநூறு ஆண்டுகள் சமாளித்திருக்கிறார்கள்.

காட்டுக்குக் காரணமும் இருந்தது. இது கோமி மக்களின் நிலம். 14ஆம் நூற்றாண்டில் பெர்மின் ஸ்தெஃபான் என்ற துறவி வடக்கே வீசெக்தா ஆற்றங்கரைக் கோமிகளுக்கு வேதம் சொல்லப் போனார். அவர்களுடைய பேச்சுக்கென்றே ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். கூடவே அவர்களுடைய மரத் தெய்வங்களைக் கோடரியால் பிளந்து எரித்தார். கோடரி ஒரு வேலையைத்தான் முடித்தது. மரத்தில் முகம் செதுக்கிய கை ஊரிலேயே இருந்தது. நூற்றாண்டுகள் கழித்து அதே காடுகளில் அதே பைன் மரத்திலிருந்து கிறிஸ்து வெளியே வந்தபோது, அவருக்கு உயர்ந்த கன்ன எலும்பும் ஒடுங்கிய கண்ணும் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. கோமி முகம் என்பார்கள் சிலர், தாத்தார் முகம் என்பார்கள் சிலர். எப்படியும் பைசாந்திய முகம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் முகம்.

இந்தத் தொகுப்பில் மனத்தைப் பிடித்து நிறுத்துவது ‘சிறையிலிருக்கும் கிறிஸ்து’. ஒன்றல்ல, பல சுரூபங்கள்; ஊருக்கு ஊர் முகம் மாறுகிறது, உட்காரும் விதம் மாறுவதில்லை. சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு. தலையில் முள்முடி. முதுகு சற்றே கூனியிருக்கிறது. ஒரு கை கன்னத்துக்கு உயர்ந்திருக்கிறது. யோசிக்கிறாரா, அடுத்த அறையைத் தடுக்கிறாரா என்று சொல்ல முடியாது. விலா எலும்புகளைக் கத்தி எண்ணி எண்ணிச் செதுக்கியிருக்கிறது. இரத்தத் துளிகள் சிவப்புச் சாயத்தில், வரிசை தப்பாமல். வலியில் கத்துகிற முகமல்ல. அழைக்கப்படும் வரை அலுவலக வராந்தாவில் உட்காரவைக்கப்பட்ட ஏழையின் முகம்.

கோயிலில் இருந்தபோது இவரை ஒரு சிறு மரக்கூண்டுக்குள் சிறைபோலவே வைத்திருந்தார்கள். வாரநாளுக்கு ஓர் உடை, திருவிழாவுக்கு ஓர் உடை மாற்றினார்கள். சாத்துப்படி பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமல்ல. அதற்கு மேலும் ஒரு படி போனார்கள் காமாக் கரை மக்கள்: ராத்திரியில் இவர் எழுந்து ஊரைச் சுற்றி வருகிறார் என்றார்கள். நடந்தால் செருப்பு தேயுமல்லவா? எனவே அவ்வப்போது புதுச் செருப்பு கொண்டுவந்து காலடியில் வைத்தார்கள்.

படித்தவர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பது வழக்கம். பாமர நம்பிக்கை, பழைய சமயத்தின் மிச்சம் என்று குறிப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால், இந்தச் செருப்புக்குப் பின்னால் கனமான இறையியல் ஒன்று இருக்கிறது.

8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் உருவங்களை உடைக்கிற கட்சி ஓங்கியிருந்தது. உருவமற்ற கடவுளுக்கு உருவம் வரைவது பாவம் என்பது அவர்கள் வாதம். இதற்கு எருசலேம் பக்கத்து மடம் ஒன்றிலிருந்து தமஸ்கு யோவான் சொன்ன பதிலின் சாரம் இது: கடவுள் மனித உடம்பெடுத்து வந்துவிட்டார், கண்ணுக்குத் தெரிந்தவரை வரையலாம், பருப்பொருளைக் கடவுளே ஏற்றுக்கொண்ட பின் நாம் இழிவுபடுத்தக் கூடாது. 787இல் நிகேயாவில் கூடிய சங்கம் இதை ஏற்றுக்கொண்டு, ஒரு வேலியும் போட்டது. ஆராதனை கடவுளுக்கு மட்டும். உருவத்துக்குத் தருவது மரியாதை. அந்த மரியாதை உருவத்தில் தங்காமல் உருவம் யாரைக் காட்டுகிறதோ அவரிடம் போய்ச் சேர்கிறது. அதாவது உருவம் ஒரு வாசல். வாசலில் நிற்கலாம், குடியிருக்கக் கூடாது.

கோஸ்வாக் கரைக் குடியானவர் தமஸ்கு யோவானின் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் வாதத்தின் முதல் பாதியை அவர் கடைசி வரை எடுத்துச் சென்றார். உடம்பெடுத்தார் என்றால் கால் உண்டு. கால் இருந்தால் இந்தப் பனியில் குளிரும். குளிர்கிறவருக்குச் செருப்பு கொடுக்க வேண்டியது ஊரின் கடமை. சங்கம் போட்ட வேலியை அவர் தாண்டிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் கடவுள் மனிதரானார் என்பதை நாக்களவில் சொல்லி நிறுத்திக்கொண்டவர் யார், அதற்குத் தோல் வாங்கித் தைத்தவர் யார் என்று கேட்டால், 1722இன் உத்தரவை எழுதியவர்கள் பக்கம் நியாயம் அவ்வளவு வலுவாக இல்லை.

சிறைக் கிறிஸ்து இங்கே இவ்வளவு பெருகியதற்கு நிலத்தின் வரலாறும் ஒரு காரணமாக இருக்கலாம். 1601இல், பின்னாளில் ஜார் மன்னரான முதல் ரொமானவின் சிறிய தகப்பனார் மிஹயீல் நிக்கீத்திச், பெர்முக்கு வடக்கே நீரப் என்ற ஊரில் சங்கிலியோடு ஒரு குழிக்குள் இறக்கப்பட்டு, குழியிலேயே இறந்தார். சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்கள் நடந்த சாலை பெர்முக்குள்தான் போனது. அந்தத் தெருவுக்குப் பெயரே சைபீரியத் தெரு. சோவியத் காலத்தில் முகாம்கள். நகரத்திலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள ‘பெர்ம்-36’ முகாமில்தான் 1985 செப்டம்பரில் உக்ரைனியக் கவிஞர் வசீல் ஸ்தூஸ் இறந்தார். கையில் விலங்கோடு வாசலைக் கடந்து போகிறவர்களை நூற்றாண்டுக் கணக்கில் பார்த்த மக்கள், உயிர்த்தெழுந்து ஒளிவீசும் ஆண்டவரைவிட விசாரணைக்குக் காத்திருக்கும் ஆண்டவரோடு நெருங்கிப் பழகியதில் என்ன அதிசயம்?

1917க்குப் பின் கதை திரும்புகிறது. கோயில்கள் பூட்டப்பட்டன, கிடங்குகளாயின, இடிக்கப்பட்டன. ஐகான்கள் விறகாயின. அந்த நேரத்தில்தான் நிக்கலாய் செரெப்ரென்னிக்கவ் என்ற இளைஞர், 1922இல் தொடங்கப்பட்ட பெர்ம் காட்சிக்கூடத்தின் சார்பில், ஆண்டுதோறும் கிராமம் கிராமமாக அலைந்து, பரணிலும் கொட்டகையிலும் கிடந்த சுரூபங்களைச் சேர்த்து நகரத்துக்குக் கொண்டுவந்தார். 1928இல் அவற்றைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். வழிபாட்டுப் பொருள் என்று சொல்லியிருந்தால் அன்றைய அரசு விட்டிருக்காது. மக்கள் கலை என்று சொன்னதால் பிழைத்தன. 1930களில் காட்சிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்ட கட்டடம் எது தெரியுமா? காமாக் கரையில் பூட்டிக் கிடந்த உருமாற்றப் பேராலயம். கோயிலுக்குள் அனுமதியில்லை என்று திருச்சபை தடுத்த சுரூபங்களை, கடவுள் இல்லை என்று சொன்ன அரசு ஒரு பேராலயத்தின் மேல்தளத்தில், குவிமாடத்துக்கு நேர் கீழே ஏற்றி வைத்தது. பக்கத்தில் பேராயர்களைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில் விலங்குக் காட்சிச் சாலை வந்தது. இப்படிப்பட்ட திருப்பத்தைக் கதையில் எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

வழிபட்ட பொருளை அருங்காட்சியகத்தில் வைத்தால் என்ன ஆகிறது? கிரேக்கச் சிலைகள் எவ்வளவு உன்னதமாக இருந்தாலும், மாதாவின் ஓவியம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், நம் முழங்கால் இனி மடங்காது என்ற கருத்தைத் தத்துவஞானி ஹேகல் தம் கலை விரிவுரைகளில் சொல்லிவிட்டுப் போனார். பாவெல் ஃபுளோரென்ஸ்கி இதற்கு எதிர்ப்பக்கம். கணிதம் படித்துப் பாதிரியாரானவர். 1918இல் புகழ்பெற்ற திரித்துவ மடத்தின் பொருள்களைக் காக்கும் குழுவில் உட்கார்ந்துகொண்டே, கோயில் வழிபாடு கலைகளின் கூட்டு என்று ஒரு கட்டுரை எழுதினார். எண்ணெய் விளக்கின் அசையும் சுடர், தூபப் புகை, பாட்டு, குருவின் ஆடை அசைவு எல்லாம் சேர்ந்த இடத்தில்தான் ஐகான் உயிரோடு இருக்கிறது. சமமான மின்வெளிச்சத்தில் சுவரில் மாட்டினால் பாதி செத்துவிடுகிறது என்பது அவர் வாதம். 1937இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஃபுளோரென்ஸ்கி சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் காமாக் கிராமங்களில் அன்று கண்முன் இருந்த தேர்வு தூபமா மின்விளக்கா என்பதல்ல. மின்விளக்கா அடுப்பா என்பதுதான். அடுப்பிலிருந்து எடுத்தவரை நோக்கி ஏன் தூபம் போடவில்லை என்று கேட்பது நன்றிகெட்ட கேள்வி.

நம் தம்பதி சிறைக் கிறிஸ்துவின் முன்னால் நிற்கிறார்கள். ரஷ்ய அருங்காட்சியகங்களில் அறைக்கு அறை நாற்காலி போட்டு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருப்பார். கம்பளிச் சால்வை, கையில் பின்னல் வேலை அல்லது புத்தகம், கண் மட்டும் வருகிறவர்களின் கை மேல். மனைவி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டென்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார். கணவருக்குக் கூச்சம். வெளியே வந்ததும் விவாதம். அது பைன் மரம், உள்ளே இருந்தது பூச்சி அரித்த துளை, மருந்து ஏற்றி நிலைப்படுத்தியிருக்கிறார்கள், ஈரப்பதமானி வைத்துக் கண்காணிக்கிறார்கள், இதில் எங்கே கடவுள் என்கிறார் கணவர். கரடியின் மூக்கில் எங்கே அதிர்ஷ்டம் இருந்தது என்று மனைவி கேட்பார் என்று நாம் எதிர்பார்க்கலாம். மனைவி அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது: மரம்தானே, பிறகு எதற்கு இத்தனை பேர் இத்தனை ஆண்டுகளாக அதற்குக் குளிராமலும் வேர்க்காமலும் பார்த்துக்கொள்கிறார்கள்?

சாமர்த்தியமான கேள்விதான், ஆனால் முழுக்க நியாயமானதல்ல. பாதுகாப்பாளர் காப்பது பொருளை. செருப்பு கொண்டுவந்தவர் கவனித்தது ஆளை. இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனால் இரண்டிலும் கை ஒரே மாதிரி வேலை செய்கிறது, கவனமாக, பயத்தோடு, தன் லாபத்துக்கு அல்லாமல். புனிதம் என்பது மரத்துக்குள் இருக்கிறதா, கட்டடத்தில் இருக்கிறதா என்று தேடுகிறவர்கள் இந்தக் கைகளை விட்டுவிடுகிறார்கள். செய்யப்படும் பணிவிடையைக் கழித்துவிட்டால் கோயிலில் இருந்தாலும் அது மரம்தான். பரணில் கிடந்தபோதும் யாரோ ஒருவர் ஏறித் துணி போர்த்திவிட்டு வந்ததால்தான் அது தெய்வமாகவே இருந்தது.

இன்றைய ரஷ்யாவில் இது சட்டக் கேள்வியும்கூட. அரசு வசம் உள்ள சமயச் சொத்துகளைச் சமய அமைப்புகளிடம் ஒப்படைக்க 2010இல் சட்டம் வந்தது. 2023இல் மாஸ்கோவின் திரெத்யாகவ் காட்சிக்கூடத்திலிருந்து ஐகான் ஓவியர் ருப்லேவின் ‘திரித்துவம்’ ஐகானையே எடுத்துத் திருச்சபையிடம் கொடுத்தார்கள். பலகை அசைவைத் தாங்காது என்று மறுசீரமைப்பு வல்லுநர்கள் எதிர்த்தார்கள். திருச்சபைக்குள்ளிருந்து தயங்கிய மூத்த பாதிரியார் ஒருவர் பொறுப்பு இழந்தார். பெர்மிலும் உருமாற்றப் பேராலயம் மறைமாவட்டத்துக்குத் திரும்பியது. காட்சிக்கூடத்துக்கு ஆற்றங்கரையிலேயே, பழைய ரயில்வே பழுதுபார்ப்பு ஆலையான ஷ்பாகின் வளாகத்தில் புதுக் கட்டடம். சுரூபங்கள் காட்சிக்கூடத்தோடு போயின. கோயிலைவிட்டு எஞ்சின் பட்டறைக்கு. கடவுள் தச்சர் வீட்டில் வளர்ந்தார் என்று நம்புகிறவர்களுக்கு இதில் வருத்தப்பட எதுவும் இருக்கக் கூடாது.

சுரூபங்களையும் திருப்பிக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால், அடுத்த கேள்வி எங்கே என்பதுதான். தடை போட்ட திருச்சபைக்கா, இடித்த அரசுக்கா என்று இரண்டு பெயரைச் சொல்கிறோம். மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, செருப்பு வைத்தவர்கள். அவர்களைத் தேடிப் போனால் பல இடங்களில் ஊரே இல்லை. பெர்முக்கு மின்சாரம் தரும் காமா அணையின் நீர்த்தேக்கம் 1954 முதல் நிரம்பியபோது கரையோரக் கிராமங்கள் பல தண்ணீருக்குள் போயின. மற்ற ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஆலை வேலைக்கு நகரத்துக்கு வந்துவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் அந்தத் தெய்வங்களின் ஊர்க்காரர்கள் இப்போது பெர்மில்தான், மொத்தோவிலிகாவின் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள்.

ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. இறைச்சி அடைத்துப் பொரித்த உள்ளூர்ச் சிறு பணியாரத்தை மென்றபடி மனைவி ஒரு யோசனை சொல்கிறார்: எந்தக் கட்டடத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆண்டுக்கு ஒரு நாள் விரும்புகிறவர்கள் செருப்போ காலுறையோ கொண்டுவந்து வைக்க அனுமதித்தால் என்ன? கம்பளிக் காலுறையில் அந்துப்பூச்சி வரும், பூச்சி மரத்துக்குத் தாவாவிட்டாலும் உடைகளை அரிக்கும், எந்தப் பாதுகாப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்கிறார் கணவர். அப்படியானால் பருத்தி, என்கிறார் மனைவி.